மூக்கு மதிப்பெண்

"சார், இன்னைக்கு நான் கொஞ்சம் லேட்டாத்தான் வருவேன். பொண்ணு ஸ்கூல்ல வரச் சொல்லியிருக்காங்க. எப்படியும் மதியத்துக்குள்ள நேரா குளத்துக்கே வந்துடறேன்."

டிரைவர் போனை வைத்ததும் தவளை சாரின் முகம் வெளிறியது.

டிரைவர் வரவில்லை என்பதற்காக யாரும் இப்படி வெளிறிப்போவதில்லை. ஜீப் ஓட்ட அவருக்கே தெரியும். அவருக்கு வேண்டியது டிரைவரின் கை அல்ல, மூக்கு.

தவளை சார் நீர்நிலை விஞ்ஞானி. ஏரி, குளம், சாக்கடை, குப்பைமேடு என்று சேறு எங்கே இருந்தாலும் முழங்கால் வரை இறங்கிவிடுவார் என்பதால் ஆபீஸில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. தன்னைப் போய்த் தவளையோடு சேர்த்தார்களே என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த ஆபீஸில் ஒரு பழைய விதி உண்டு. எங்கே தண்ணீர் எடுத்தாலும், கருவியை இறக்குமுன் அதிகாரி முகர்ந்து பார்த்து, பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண் போட வேண்டும். பூஜ்யம் என்றால் வாடையே இல்லை. ஐந்து என்றால் ஓடிவிடு என்று அர்த்தம். இதற்கு மூக்கு மதிப்பெண் என்று பெயர்.

இருபது வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவருடைய மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மூக்கு என்னவோ இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணாடியைத் தாங்கும் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆனால் மல்லிகையும் ஒன்றுதான், மலக்குழியும் ஒன்றுதான் என்றாகிவிட்டது. வெளியே சொன்னால் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். கரையில் நிற்காமல் அவரால் உயிரோடு இருக்க முடியாது. ஆகவே மனைவியிடம் மட்டும் சொன்னார்.

நல்லவேளையாக அதே சமயத்தில்தான் டிரைவர் வேலைக்கு வந்தார். பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு கரைவரை கூடவே வருவார். தவளை சார் முதலில் தண்ணீரைப் பார்ப்பார். நிறம், நுரை, குமிழி, அடியில் நெளியும் புழு எல்லாவற்றையும் பார்த்து மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவார். பிறகு முகர்வதுபோல் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய், ஓரக்கண்ணால் டிரைவரைப் பார்ப்பார். டிரைவர் முகம் சுளித்தால் மூன்று. மூக்கைப் பொத்தினால் நான்கு. பின்வாங்கினால் ஐந்து. அநேகமாக அவர் போட்ட கணக்கோடு அது அப்படியே பொருந்தும். பின்னால் லேப் முடிவும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும். என்ன மூக்கு, என்ன மூக்கு என்று மனதுக்குள் மாய்ந்து போவார்.

இன்று பார்த்து அந்த மூக்கு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

இன்று சாதாரண நாளும் இல்லை. ஊர்ச் சாக்கடையை நாணல் வளர்த்த மூன்று குளங்கள் வழியாக மெதுவாக நடக்க வைத்து, தெளிந்த தண்ணீராக ஏரியில் விடுவது அவருடைய வாழ்நாள் வேலை. கன்னங்கரேலென்று கிடந்த ஏரியில் இப்போது தட்டான் பறக்கிறது. ஆனால் பக்கத்துக் குடியிருப்பின் சங்கச் செயலாளர், குளம் நாறுகிறது, மூடுங்கள் என்று புகார் கொடுத்துவிட்டார். விசாரிக்க ஒரு கமிட்டி வருகிறது. குளங்களை மூடினால் சாக்கடை நேராக ஏரிக்குத்தான் போகும்.

"நீ கொஞ்சம் என்கூட வர்றியா?" என்றார் மனைவியிடம்.

"எதுக்குங்க?"

"சும்மா வந்து நில்லு. நான் முகர்ந்து பாக்கறப்போ உன் முகத்தைப் பாத்துப்பேன். உன் முகமே சொல்லிடும்."

"இத்தனை வருஷத்துல என் முகத்தைப் பாத்து நீங்க எதையாவது கண்டுபிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாலும், அவள் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அதற்காகவே அவளுக்கு ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

குளத்தருகே கமிட்டித் தலைவி தயாராக நின்றிருந்தார். ஆபீஸின் பழைய பதிவுகளைக் கட்டுக்கட்டாக வரவழைத்துப் படித்துவிட்டு வந்தவர். பக்கத்தில் கைக்குட்டையால் மூக்கை மூடியபடி சங்கச் செயலாளர். அவர் காரில் வந்து இறங்கும்போதே அப்படித்தான் இறங்கினார்.

"கடைசிக் குளத்துல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றார் தலைவி.

கடைசிக் குளம் குடியிருப்பின் மதிலையொட்டி இருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. பூஜ்யம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு தவளை சார் பாட்டிலை முகர்ந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் முகம் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டிருந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கண் ஏமாற்றலாம், மூக்கு ஏமாற்றாது என்று நம்பியே இருபது வருஷத்தை ஓட்டியவர் அவர்.

"நாலு" என்றார்.

"கேட்டுக்கங்க மேடம். அவர் வாயாலயே வந்துடுச்சு" என்றார் செயலாளர்.

தவளை சார் மனைவியை முறைத்தார். அவள் அதை, "கொஞ்சம் சிரிச்ச முகமா இரு" என்று புரிந்துகொண்டாள். ஆகவே நடுக் குளத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல் புன்னகையோடு நின்றாள். பாதி சுத்தமான தண்ணீர், இரண்டோ மூன்றோ இருக்கும் என்று நினைத்திருந்த தவளை சார் குழம்பிப் போனார்.

"பூஜ்யம்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "நடுக் குளத்துல பூஜ்யம், கடைசிக் குளத்துல நாலு. அப்போ உங்க குளம் நல்ல தண்ணியை வாங்கி நாற வச்சு ஏரிக்கு அனுப்புதா?"

தவளை சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "காத்து மாறி அடிக்குது மேடம். திறந்த வெளியில சரியா வராது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"அப்படியா? அப்போ உள்ள போய்ப் பாப்போம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். பம்பு அறையில் மேஜைமேல் மூன்று பிளாஸ்குகள் வந்து உட்கார்ந்தன. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. எதில் எந்தத் தண்ணீர் என்று தலைவிக்கு மட்டும் தெரியும்.

"மூக்கால மட்டும் சொல்லுங்க. அதை வச்சு நான் முடிவு பண்றேன்."

அந்த நேரத்தில் வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றார் டிரைவர். வெள்ளத்தில் போனவனுக்குக் கயிறு கிடைத்ததுபோல் இருந்தது தவளை சாருக்கு. "தம்பி, வா, வா. இப்படி என் எதிர்ல வந்து நில்லு" என்றார்.

முதல் பிளாஸ்க்கைத் திறந்தார். ஏரி, குளம், வேலை, மானம் எல்லாம் அந்த மூடிக்குள் இருந்தன. பயத்தில் அவர் முகம் கோணிப்போனது. டிரைவரைப் பார்த்தார். டிரைவர் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"அஞ்சு" என்றார் தவளை சார்.

சொல்லி முடித்ததும் ஒரு பெரிய நிம்மதி. டிரைவர் வந்தாயிற்று, இனி கவலையில்லை. மலர்ந்த முகத்தோடு இரண்டாவது பிளாஸ்க்கைத் திறந்தார். டிரைவரும் முகம் மலர்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார்.

"பூஜ்யம். சுத்தமான தண்ணி."

அதற்குள் செயலாளர் கைக்குட்டையோடு வெளியே ஓடிவிட்டிருந்தார். மனைவி ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"முதல்ல நீங்க அஞ்சு குடுத்தது கடைசிக் குளத்துத் தண்ணி" என்றார் தலைவி, மூக்கை மூடிக்கொண்டு. "இது இப்பத்தான் பிடிச்சுட்டு வந்த ஊர்ச் சாக்கடை. தயவுபண்ணி மூடிடுங்க."

தவளை சார் பிளாஸ்க்கை மூடினார். இனி மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. உண்மையில் அவருக்கு அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது.

"மேடம், எனக்கு இருபது வருஷமா மூக்கு வேலை செய்யல. அந்த மதிப்பெண் எல்லாம் இந்தத் தம்பி முகத்தைப் பாத்துப் போட்டது. இன்னைக்கு ஓடி வந்த பதட்டத்துல தடுமாறிட்டான், அது அவன் தப்பு இல்ல. அவன் இல்லன்னா நான் என்னைக்கோ வீட்டுக்குப் போயிருப்பேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. குளத்தை மட்டும் என் மூக்கை வச்சு எடை போடாதீங்க."

டிரைவர் கண்ணை விரித்து அவரையே பார்த்தார்.

தலைவி முதல் பிளாஸ்க்கை எடுத்துத் தானே முகர்ந்தார். மூன்றாவதையும் முகர்ந்தார். வெளியே போன செயலாளரைக் கூப்பிட்டார். "கைக்குட்டையை எடுத்துட்டு இந்த ரெண்டையும் பாருங்க. ஒண்ணு குளத்துத் தண்ணி, ஒண்ணு உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி."

செயலாளர் மாறி மாறி முகர்ந்தார். கடைசியில் முதல் பிளாஸ்க்கைக் காட்டி, "இதுதான் எங்க வீட்டுத் தண்ணி" என்றார் உறுதியாக.

"அது குளம்" என்றார் தலைவி.

"அப்போ அந்த நாத்தம்?"

"அதை நான் சொல்றேன்" என்றாள் மனைவி. "கடைசிக் குளத்துக்கிட்ட உங்க மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தீங்களா? உங்க குடியிருப்புக் குப்பை எல்லாம் அங்கதான் மலையா கிடக்கு. நான் மூஞ்சியைச் சுளிச்சது அதுக்குத்தான்."

செயலாளர் முகத்தில் அசடு வழிந்தது. எல்லோரும் போய் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்த வேகத்திலேயே திரும்பினார்கள். தவளை சார் மட்டும் நிதானமாக நின்று, மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் எப்படிப் பிரிப்பது என்று செயலாளருக்குப் பாடம் எடுத்தார். அவருக்கென்ன, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பார்.

"குளம் இருக்கட்டும்" என்றார் தலைவி, ஜீப் வரை வந்து. "பழைய பதிவு எல்லாம் பாத்தேன். இருபது வருஷ மூக்கு மதிப்பெண் ஒண்ணுகூட லேப் முடிவோட மோதல. இப்படி ஒரு மூக்கு ஒருநாள் தடுமாறினா மன்னிச்சுடலாம். இனிமே மதிப்பெண்ணை டிரைவரே போட்டு, அவரே கையெழுத்துப் போடட்டும். சம்பளத்தையும் ஏத்தச் சொல்றேன். நீங்க எப்பவும்போல தண்ணியில இறங்குங்க."

டிரைவரின் கண் கலங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று மனைவி நினைத்தாள்.

திரும்பும் வழியில் ஏரி வெயிலில் பளபளத்தது. தவளை சாருக்கு மனசு நிறைந்து வழிந்தது. குளத்துக்கு நன்றி, தலைவிக்கு நன்றி, பின்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கும் மனைவிக்கு நன்றி.

"தம்பி, உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலப்பா. என் வேலை, என் ஏரி, எல்லாம் நீ போட்ட பிச்சை."

டிரைவர் ஜீப்பை ஓரமாக நிறுத்தினார்.

"நன்றி நான்தான் சார் உங்களுக்குச் சொல்லணும். மோப்பம் தெரியாதவனுக்கு இந்த வேலை கிடையாதுன்னு சொல்லித்தான் என்னைச் சேத்தாங்க."

"அதான் தெரியுமே. அதுக்கு எனக்கு எதுக்குப்பா நன்றி?"

"பிறந்ததுல இருந்தே எனக்கு எந்த வாசனையும் தெரியாது சார்; இத்தனை வருஷமா உங்க முகத்தைப் பாத்துத்தான் நான் மூக்கைப் பொத்திட்டு இருக்கேன்."