முதலிடத்தில் புதுஆறு

ஒரத்தநாடு,
மார்கழி 19.

அன்புள்ள தம்பி செந்தில்குமாருக்கு, அக்கா சாவித்திரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆகவே நலம். உன் அத்தானுக்கு இன்று காலை ரத்த அழுத்தம் நூற்று எழுபதுக்கு நூறு. ஷோபனாவும் பிள்ளைகளும் நலமா? இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அத்தான் காதில் விழும். வாட்ஸப்பில் போட்டால் உனக்கு முன்னால் ஷோபனா படித்துவிடுவாள். அவள் நல்ல பெண்தான், ஆனால் அவளுக்குத் தெரிந்தது சாயங்காலத்துக்குள் கும்பகோணம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

விஷயம் இதுதான். அத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றதும் இணையத்தில் ‘கட்டவிழ்ப்போர் மன்றம்’ என்று ஒன்றில் சேர்ந்தது உனக்குத் தெரியும். தினம் காலை ஆறு மணிக்கு ஒரு குறுக்கெழுத்துப் புதிர் வரும், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண், வருஷக் கடைசியில் தரவரிசை போடுவார்கள். அதிக மதிப்பெண், அதிவேகம், ஒரு நாளும் விடாதவர் என்று அதிலே ஏகப்பட்ட பதக்கங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவர் தோள் வழியாக எட்டிப் பார்த்து ஒரு விடையைச் சொன்னேன். “சாவித்திரி, இது மொழி சம்பந்தப்பட்ட விஷயம். அடுப்புல பால் இருக்கு பாரு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது. என் மகள் வானதி சென்னைக்குப் போகும்போது சமையல் வீடியோ பார்க்கச் சொல்லி விட்டுப்போன பழைய போன் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் நானும் மன்றத்தில் சேர்ந்தேன். புனைபெயர் கேட்டது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே புதுஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அதையே போட்டேன். செந்தில், போன வாரம் இந்த வருஷத் தரவரிசை வந்தது. முதலிடம் புதுஆறு, மூவாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று. இரண்டாமிடம் புலவர் பஞ்சநதம், அதுதான் உன் அத்தான், மூவாயிரத்து அறுநூற்றெட்டு.

நான் வேண்டுமென்று செய்யவில்லையடா. பத்தோடு பதினொன்றாக எங்கேயாவது கிடப்போம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ‘தலையில் வளரும், நாற்றங்காலில் கட்டுவார்கள், இரண்டெழுத்து’ என்று ஒரு நாள் வந்தது. அத்தான் ‘சடை’ என்று எழுதிவிட்டு மூன்று நிகண்டுகளைக் காட்டி மன்றத்தில் வாதாடினார். நான் முப்பது வருஷம் கிராம செவிலியராக வரப்பில் நின்றுகொண்டு, நாற்றுப் பறிக்கிற பெண்களிடம் பிள்ளைகளின் தடுப்பூசிக் கணக்கு எழுதினவள். நாற்றுக் கட்டுக்கு வயலில் முடி என்றுதான் பெயர், “அந்த முடியை இப்படிப் போடு” என்று அவர்கள் கத்துவது காதிலேயே இருக்கிறது. ‘முடி’ என்று எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஒளித்துவைக்கத்தான் உயிர் போய்விட்டது. அவர் சமையலறைப் பக்கம் வந்தால் போனை அரிசி டப்பாவுக்குள் செருகிவிடுவேன். ஒரு நாள் அது உள்ளே இருந்தபடியே கிர்ரென்றது. “அரிசிக்குள்ள என்ன சத்தம்?” என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன், “வண்டுங்க.” அவ்வளவுதான், வீட்டிலிருந்த ஒரு மூட்டை அரிசியையும் மாடியில் காயப் போட்டுவிட்டார், இரண்டு நாள் காக்கை விரட்டினேன். திருவோணத்தில் பெரியப்பா மகன் காரியத்துக்குப் போனபோது, ஒரு நாளும் விடாதவர் பதக்கம் போய்விடுமே என்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதினேன். நான் உள்ளே அழுகிறேன் என்று நினைத்து நாலு பேர் கதவைத் தட்டித் தேற்றினார்கள். “போனவர் திரும்பியா வரப்போறாரு, மனசத் தேத்திக்கம்மா” என்றார்கள். எனக்குப் பதினேழு குறுக்கு வரவில்லை என்பதுதான் அப்போது துக்கம்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். அத்தானுக்குப் புதுஆறு யார் என்று கண்டுபிடிக்கிற வெறி வந்துவிட்டது. தோசை போடும்போதெல்லாம் அதே பேச்சு. “குறைஞ்சது ஒரு முனைவர் பட்டமாவது இருக்கணும் சாவித்திரி. சொல்லாட்சியைப் பார்த்தாலே தெரியுது. ஆளு சாதாரணம் இல்ல.” எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போகும். அடுத்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவாரோ என்று யோசிப்பேன், தோசை கருகும். ஆற்றின் பெயரை வைத்திருப்பதால் ஆற்றங்கரைக்காரர்தான் என்று முடிவு கட்டினார். ஆற்றங்கரையில் உரக்கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மதுவைத்தான் உனக்குத் தெரியுமே, முப்பது வருஷமாக சாயங்காலம் ஐந்து மணி ஆனால் நம் வீட்டில் வந்து டீ குடிக்கிறவர். போன புதன்கிழமை அவர் கடையில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாராம். அத்தான் நேரே போய், “புதுஆறு நீங்கதானே பாய்?” என்று கேட்டிருக்கிறார். அந்த மனுஷன் விளையாட்டுக்கு, “ஆமா வாத்தியாரே, இப்பதான் கண்டுபிடிச்சீங்களா?” என்று சொல்லித் தொலைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு இவர், என் டீயைக் குடித்துக்கொண்டே என்னை வேவு பார்த்தாய், யாரிடமோ விடை வாங்கி எழுதுகிறாய் என்று கடைத்தெருவே கேட்கும்படி கத்தியிருக்கிறார். அதிலிருந்து பாய் வரவில்லை. ஐந்து மணிக்கு அத்தான் வாசலைப் பார்க்கிறார், பார்க்காத மாதிரி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார். பேப்பர் தலைகீழாக இருக்கிறது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு உரக்கடைக்குப் போய், “அண்ணே, அது நான்” என்றேன்.

“எது தங்கச்சி?”

“புதுஆறு.”

பாய் என்னைப் பார்த்தார், வெளியே ஓடுகிற ஆற்றைப் பார்த்தார், அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வாத்தியார் என்னைத் திட்டினதுல வருத்தம்தான். ஆனா எனக்கு அம்புட்டுத் தமிழ் தெரியும்னு நம்பிட்டாரு பாருங்க, அதுல ஒரு சந்தோஷம்.” பிறகு முகம் மாறியது. “நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். பொங்கலுக்குள்ள சொல்லிடுங்கம்மா. அஞ்சு மணிக்கு எனக்கு எங்க போறதுன்னே தெரியல.”

எப்படிச் சொல்வது? முப்பத்து நாலு வருஷம் ஊருக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். இரண்டு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான்தான் அவரைத் தோற்கடித்தேன் என்று தெரிந்தால் மனசு விட்டுப்போய்விடுமே. பேசாமல் இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தை இரண்டாம் ஞாயிறு தஞ்சாவூரில் பாராட்டு விழா. முதலிடக்காரர் மேடையில் எல்லோர் முன்னாலும் ஒரு புதிரை அவிழ்த்துக் காட்ட வேண்டுமாம். வர முடியாவிட்டால் கேடயத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம், விலாசம் தாருங்கள் என்று மன்றத்தை நடத்துகிற இளம்பரிதி மூன்று முறை எழுதிவிட்டார். கேடயத்தோடு அவர் நம் வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்கப்போவது அத்தான்தான்.

ஆகவே தம்பி, நீ வந்து புதுஆறு நான்தான் என்று மேடை ஏற வேண்டும். பத்தாம் வகுப்பில் தமிழில் நீ முப்பத்தாறு மதிப்பெண் என்பது எனக்கு மறக்கவில்லை. அந்த விடைத்தாளைத் திருத்தினதே அத்தான்தான் என்பதும் மறக்கவில்லை. ஆனாலும் வேறு யாரைக் கேட்பேன்? நான் முன் வரிசையில் உட்கார்ந்து வாயசைத்துச் சொல்கிறேன். இருமல் வந்த மாதிரி நடித்து என்னைப் பார்த்தால் போதும். எப்படியோ படித்து முன்னேறிவிட்டாய் என்று அவர் சந்தோஷப்பட்டாலும் படுவார். வருகிறாயா இல்லையா என்பதை மட்டும் போனில் சொல், வருவதாக இருந்தால் ‘கத்தரிக்காய் நல்லா காய்ச்சிருக்கு’ என்று சொல்.

ஷோபனாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் வீட்டில் நெல்லும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். உன் வயிற்றுவலிக்கு மாத்திரை மட்டும் போதாது, காரத்தைக் குறை.

இப்படிக்கு,
தூக்கமில்லாத உன் அக்கா
சாவித்திரி

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்யாதே. உறையை ஒட்டப் போனபோது மன்றத்திலிருந்து ஒரு திருத்தம் வந்தது. புரட்டாசியில் வந்த ஒரு புதிரில் குறிப்பு எண்கள் மாறியிருந்ததாம், அதனால் அதையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அன்று அத்தானுக்கு ஆறு. எனக்குப் பத்து. புதிய தரவரிசையில் அவர் ஒரு மதிப்பெண் முன்னால் முதலிடம். துள்ளிக் குதித்து ஜாங்கிரி வாங்கிக்கொண்டு நேரே உரக்கடைக்குப் போய், பாய் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். எல்லாம் தானாகவே தீர்ந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு பால் காய்ச்சியிருந்தால் போதும். முடியவில்லை செந்தில். எண் மாறியிருப்பதையும் கண்டுபிடித்து, மாற்றிப் போட்டு, பத்துக்குப் பத்து வாங்கினவள் நான். அதை எப்படி எடுக்கலாம்? கரண்டியோடு கூடத்துக்குப் போய், “அந்தப் பத்து என்னுது. புதுஆறு நான்தாங்க. இதை நான் விடப்போறதில்ல, ஆட்சேபணை எழுதப் போறேன்” என்று சொல்லிவிட்டேன். பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உத்தரத்தைப் பார்த்தார். அத்தான் அந்தப் புதிரை எடுத்துவரச் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். “நீ எழுதினா சந்திப் பிழை வரும். சொல்லு, நான் எழுதறேன்.” இப்போது மூன்றாம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.