வயிற்றில் கட்டிய வயர்

போர்க்காலக் கொழும்பில், உள்பாவாடை விழாமலிருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் வயிற்றில் மின்சார வயரைக் கட்டிக்கொண்டு சோதனைச் சாவடிக்குள் போனவள் நான். பெருமையாகச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு எட்டாம் மாதம். மூக்கு பரந்து, கழுத்து கறுத்து, அடையாள அட்டையில் இருந்தவளுக்கு நான் பெரியம்மா மாதிரி ஆகியிருந்தேன். வீங்கிய கால் என் செருப்புக்குள் நுழையாததால் என் கணவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். (அரை மணிக்கொரு தரம் கக்கூசுக்கு ஓடியது தனி.) உடம்பு என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

கிளினிக்குக்குப் போகவேண்டிய அன்று காலை, பாவாடை நாடா வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. கணவர் பழுதான மேசை விளக்கொன்றைக் கழற்றிப் போட்டிருந்தார். அதிலிருந்த சிவப்பு வயரை எடுத்து நாடாவோடு ஒட்டுப் போட்டேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன்.

காலி நகருக்குப் போகும் வீதியின் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். திரை மறைப்புக்குள் ஒரு பெண் பொலிஸ் கைகளை உயர்த்தச் சொன்னாள். அவளுடைய கை என் இடுப்புக்கு வந்து நின்றுவிட்டது.

"மே மொகத?" என்றாள். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறாள்.

"வயர்" என்றேன். (உண்மை பேச வேண்டிய நேரமா அது?)

குண்டு என்று நினைத்து அவள் பின்னால் பாய்ந்து கத்தினாள். வெளியே சனம் சிதறி ஓடுவது கேட்டது. திரையை விலக்கி இரண்டு துவக்குகள் என் வயிற்றை நோக்கி நீண்டன. உயர்த்திய கைகளை நான் இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தொடை வழியே சூடாக வடிந்து, கணவரின் செருப்பு நனைந்தது.

பெண் பொலிஸ் நிலத்தைப் பார்த்தாள்.

"பபா எனவா!" பிள்ளை வருகிறதாம்! பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். நான் மறுக்கவில்லை. அவள் துணிந்து கிட்ட வந்து சேலையை விலக்கினாள். வயரின் இரண்டு முனைகளும் நாடாவில் முடிந்திருப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என்னை ஜீப்பில் ஏற்றி, ஆஸ்பத்திரி வரைக்கும் என் கையை விடாமல் பிடித்தபடி வந்தாள்.

அங்கே தாதி ஒரு பார்வையிலேயே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். தகவல் கேட்டுக் கணவர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"என்னப்பா, பிள்ளை பிறந்திட்டுதோ?"

"இல்லையப்பா. மூத்திரம் போயிட்டன்."

மகள் அடுத்த மாதம்தான் பிறந்தாள். இன்றும் கலியாண வீடுகளில் நான் கக்கூசுக்கு எழும்பினால், "ஜீப்பைக் கூப்பிடவோ?" என்று கணவர் கேட்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

கைகளை உயர்த்தியபடி நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி மட்டும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நானும் வயிற்றுப் பிள்ளையும் சாகப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். பிள்ளை பெயரில்லாமல் போய்விடக்கூடாது என்று, அதற்கு வைக்கவிருந்த பெயரை மனதுக்குள் சொன்னேன். ஆணோ பெண்ணோ தெரியாததால் அவசர அவசரமாக இரண்டு பெயர்களையும் சொன்னேன்.