இத்தாலி என்னை ஆணாக்கிய கிழமை

பலெர்மோவில் என்னைவிட அதிகம் படிவம் நிரப்பிய தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தால் கையைத் தூக்கட்டும். ஒருத்தியும் தூக்கமாட்டாள். ஞாயிறு பூசை முடிந்து நான் கோவில் வாசலுக்கு வந்தால் போதும், ஆளுக்கொரு கடித உறையோடு சனம் என்னைச் சுற்றிக்கொள்ளும். விசாப் புதுப்பிப்பு, பள்ளிக்கூட அனுமதி, வாடகை ஒப்பந்தம், எதுவென்றாலும் என் கைப்பையில் இரண்டு பேனை தயார். சும்மா நிரப்பிக் கொடுக்கிற ஆளும் இல்லை நான், நாலு பேச்சும் சேர்த்துத்தான் கொடுப்பேன். "அண்ணை, வாசிக்காமல் ஆரும் கையெழுத்து வைப்பினமோ? உங்களுக்கு அவதானம் எண்ட சாமான் மருந்துக்கும் இல்லை!" (இந்த வாய்க்கு ஒருநாள் நன்றாகக் கிடைத்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.)

அப்போது நான் பலெர்மோவுக்கு வந்து பதினொரு வருடம். அந்தப் பதினொரு வருடமும் வீட்டு வேலைதான். சிஞ்ஞோரா என்றால் வீட்டம்மா. ஒரு சிஞ்ஞோரா வீட்டில் தரை துடைத்தேன், இன்னொரு சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டினேன், மூன்றாவது சிஞ்ஞோராவின் நாய்க்குக் கோழி அவித்துக் கொடுத்தேன். ஒருவரும் ஒப்பந்தம் எழுதித் தரவில்லை. என் பெர்மெஸ்ஸோவில், அதாவது இங்கே தங்கியிருக்கிற அனுமதிப் பத்திரத்தில், "குடும்பக் காரணம்" என்றே போட்டிருந்தது. தெளிவாகச் சொன்னால், நான் என் கணவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த ஆள். அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் பொலிதேயாமாச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு அறையில் வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தோடு! என் பெயரில்! அந்த ஒப்பந்தம் பதிவானால் எனக்கென்று தனியாக ஒரு பெர்மெஸ்ஸோ எடுக்கலாம். சந்தோஷத்தில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹோட்டல் அலுவலகத்தில் கியாரா என்று ஒரு பெண் இருந்தாள். விபரமெல்லாம் எழுதிக்கொண்டு வந்தவள், "உங்கள் கோதிச்சே பிஸ்காலே?" என்று கேட்டு, கார்டுக்காகக் கையை நீட்டினாள். கோதிச்சே என்பது வரி இலக்கம். எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு. இத்தாலியில் அது இல்லாமல் வேலையும் இல்லை, வைத்தியரும் இல்லை.

"கார்டு எதற்கு?" என்றேன். நாற்காலியில் நிமிர்ந்து இருந்துகொண்டு, ஒரே மூச்சில் பதினாறையும் ஒப்புவித்தேன். இத்தாலியர்களே கார்டைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள். கியாரா வாயைப் பிளந்து, "பிராவா, சிஞ்ஞோரா!" என்றாள். நான் வானத்தில் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை பின்னேரம் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. "சிஞ்ஞோரா, நீங்கள் தந்த இலக்கத்தைக் கணினி ஏற்கவில்லை. அது ஓர் ஆணுடைய இலக்கம் என்று தெரிகிறது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சரியானது வராவிட்டால் ஒப்பந்தத்தைப் பதிய முடியாது. அடுத்த ஆளைத்தான் கூப்பிடுவார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவள் அழைப்போடு அனுப்பிய இலக்கத்தைக் கைபேசியில் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. இந்தப் பதினாறும் சும்மா போட்டவை அல்ல. பெயரின் எழுத்து, பிறந்த வருடம், மாதம், நாள், ஊர் எல்லாம் அதற்குள் இருக்கிறது. பெண் என்றால் பிறந்த நாளோடு நாற்பதைக் கூட்டிப் போடுவார்கள். நான் பிறந்தது ஒன்பதாம் திகதி, ஆகவே நாற்பத்தொன்பது என்று இருக்கவேண்டும். ஆனால் கைபேசியில் பூச்சியம் ஒன்பது என்று கிடந்தது.

"இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன். "இவங்கள் என்னை ஆம்பிளை எண்டு பதிஞ்சு வைச்சிருக்கிறாங்கள்!"

என் கணவர் சீலன் மொண்டெல்லோவில் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை செய்கிறார். நாள் முழுக்க நெருப்போடு நிற்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் அதிகம் கதைக்கமாட்டார். அன்று ஆச்சரியமாக வாயைத் திறந்தார்.

"இஞ்சேரும், ஒருக்கா அந்தக் கார்டை எடுத்து..."

"நீங்கள் சும்மா இருங்கோ. உங்களுக்கு இதுகள் விளங்காது."

அவர் சும்மா இருந்தார். (பாவம், வாழ்க்கையில் சொன்னதைக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.)

வேறு யாராக இருந்தாலும் மறுநாள் காலையிலேயே வரி அலுவலகத்துக்கு ஓடியிருப்பார்கள். நான் மன்னார்க்காரி. எங்கள் ஊரில் எந்தக் கந்தோருக்குப் போவதென்றாலும் முதலில் பாதரிடம் ஒரு கடிதம் வாங்குவோம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சோதனைச் சாவடி எல்லாவற்றுக்கும் அந்தக் கடிதம்தான் திறப்பு. அதனால் வியாழக்கிழமை முழுவதும் எங்கள் தமிழ்ப் பங்கின் பாதருக்காகக் காத்திருந்து, பின்னேரம் அவரைப் பிடித்தேன்.

கதையைக் கேட்ட பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் என்னத்தைப் பிள்ளை எழுதுறது? 'இவா பொம்பிளைதான்' எண்டோ?"

"ஓம் பாதர். அதைத்தான் எழுதுங்கோ. சீலும் குத்துங்கோ."

எழுதினார், நல்ல மனிதர். இன்னாரை எட்டு வருடமாக அறிவேன், இவர் ஒரு மனைவி, ஒரு தாய், பாடகர் குழுவில் மேல் சுரத்தில் பாடுகிறவர் என்று இத்தாலிய மொழியில் எழுதி, நீல முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

வெள்ளி காலை புறப்பட்டபோது என்னிடம் இருந்த சாட்சியங்களைக் கேளுங்கள். பாதரின் கடிதம், திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், ஐந்து கிலோ நிறையில் எங்கள் கலியாண அல்பம், அதைத் தூக்குவதற்கும் தேவைப்பட்டால் சாட்சி சொல்வதற்கும் சீலன். பத்து வயது மகள் அனிதா வாசலில் நின்று தலையில் கை வைத்தாள். "மம்மா, கே வெர்கோஞ்ஞா! அல்பத்தை அங்கை கொண்டுபோகாதீங்கோ!" (வெட்கக்கேடாம். பெத்த தாயைப் பார்த்துச் சொல்கிறாள்.)

வரி அலுவலகத்தில் சனம் நிறைந்திருந்தது. எங்கள் வரிசை இலக்கம் வரும்போது நேரம் பதினொன்று. மேசைக்குப் பின்னால் நரைமீசைக்காரர் ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இருந்தார். கைபேசியை அவர் முன்னால் வைத்தேன்.

"சிஞ்ஞோர், என்னைப் பாருங்கள். நான் ஆணா?"

அவர் பார்த்தார். நாடியை மேலே தூக்கி நாக்கால் "ந்ச்" என்றார். பலெர்மோக்காரர் இல்லை என்று சொல்வது அப்படித்தான்.

"பிறகு ஏன் இந்த நாடு என்னை ஆண் என்று எழுதி வைத்திருக்கிறது?"

இதை நான் மெதுவாகக் கேட்கவில்லை. பாடகர் குழுவின் மேல் சுரத்தில் கேட்டேன். பின் வரிசையில், போர்கோ வெக்கியோச் சந்தையில் வாங்கிய மரக்கறிப் பையோடு இருந்த ஒரு கிழவி எழும்பி, "என்ன, இந்தப் பிள்ளையை ஆண் என்று எழுதிவிட்டார்களா? மடோன்னா!" என்று மார்பில் அடித்தாள். அவ்வளவுதான். நியாயம் கேட்க யாராவது ஒருவர் தொடங்கினால் பலெர்மோவில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு பேர் எழும்பினார்கள். மூன்றாமவர் இதுதான் சாட்டு என்று தன்னுடைய தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் பாதரின் கடிதத்தை உயர்த்திக் காட்டினேன். கிழவி அல்பத்தைச் சீலனின் கையிலிருந்து பறித்து விரித்தாள். அது வரிசை வரிசையாகக் கைமாறியது.

"மாப்பிள்ளை ஏன் ஒரு படத்திலும் சிரிக்கவில்லை?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது எங்கள் வழக்கம்!" என்று நான் திரும்பிப் பதில் சொன்னேன். அந்த நிமிடத்தில் முழு இத்தாலியும் என் பக்கம் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது.

நரைமீசைக்காரர் அவசரப்படவில்லை. "சிஞ்ஞோரா, உங்கள் கார்டைத் தாருங்கள்" என்றார். கைப்பையின் அடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவர் கார்டைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். திரும்பவும் கார்டைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, கணினியில் ஏதோ தட்டினார். சீலனைப் பார்த்து, "நீங்கள்தான் இவருடைய கணவரா? நீங்களும் ஒன்பதாம் திகதியா பிறந்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஓம்... ஸி" என்றார் சீலன்.

உண்மைதான். இரண்டு பேரும் ஒன்பதாம் திகதி, வேறு வேறு மாதம். எங்களுக்குக் கலியாணம் பேசிச் செய்து வைத்தபோது அது ஒன்றுதான் எங்களுக்குள் இருந்த பொருத்தம்.

"சிஞ்ஞோரா, உங்கள் இலக்கம் இதோ, கார்டில். நாற்பத்தொன்பது. ஒரு பிழையும் இல்லை, தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. கைபேசியில் இருப்பது இவருடைய இலக்கம். நாங்கள் உங்களை ஆண் என்று எழுதவில்லை. நீங்கள்தான் உங்களை உங்கள் கணவர் என்று எழுதியிருக்கிறீர்கள்."

கிழவிதான் முதலில், "ஐயோ, பாவம் அந்த மனுசன்" என்றாள். பிறகு எழுந்த சிரிப்பு இருக்கிறதே, கூரை கழன்று வந்திருக்கும். தண்ணீர்க் கட்டணக்காரரும் சிரித்தார். சீலன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று எனக்கு இருந்தது.

முதல் ஆறு எழுத்தும் வேறு. வருடம் வேறு. மாதம் வேறு. ஊருக்கெல்லாம் "வாசியுங்கோ, வாசியுங்கோ" என்று அடித்துக்கொள்கிற நான், ஒன்பதை மட்டும் பார்த்துவிட்டு மூன்று நாள் ஆடியிருக்கிறேன்.

நரைமீசைக்காரர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். "இத்தனை வருடத்தில் உங்கள் இலக்கத்தை ஒருவரும் கேட்டதில்லையா?"

சீலனின் வேலைக்கு, வீட்டுக்கு, வங்கிக்கு என்று அவருடைய இலக்கத்தை நான் நூறு தடவை எழுதியிருப்பேன், எனக்குப் பாடமாகிக் கிடந்தது அதுதான். மருந்துக் கடையில் என் கார்டை வாங்கிக் கருவியில் காட்டிவிட்டுத் தருவார்கள், அவ்வளவுதான். பதினொரு வருடம் நான் வேலை செய்த வீடுகளில் என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களே குறைவு. இலக்கத்தை யார் கேட்டார்கள்? அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நேரத்தைப் பார்த்தேன். பதினொன்றரை.

"இஞ்சேரும், ஓடும்" என்றார் சீலன். "அல்பத்தை நான் வாங்கிக்கொண்டு வாறன்."

ஓடினேன். சேலையில் பொலிதேயாமாவைக் குறுக்கறுத்து ஓடிய பெண்ணை யாராவது அன்று பார்த்திருந்தால் அது நான்தான். (சேலை எதற்கு என்று கேட்காதீர்கள். அதுவும் சாட்சியம்.) பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கியாராவின் மேசைக்கு வந்து, கார்டை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டு வாசித்தேன். அவள் தட்டினாள். கணினி ஏற்றுக்கொண்டது.

"திருத்திவிட்டார்களா?" என்று கேட்டாள்.

"திருத்தாமல் விடுவேனா?" என்றேன். (மானம் போனாலும் வாய் போகவில்லை.) ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். என் பெயருக்குக் கீழே என் இலக்கம் அச்சடித்திருந்தது. அதை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

சீலன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்து முடித்திருக்கலாம். ஒன்றரை வருடம் கழித்து, எங்கள் பதினைந்தாவது கலியாண நாளைப் பங்கு மண்டபத்தில் கொண்டாடினோம். பாதர் மைக்கை அவர் கையில் கொடுத்து, "மனிசியைப் பற்றி ரெண்டு வார்த்தை கதையும் சீலன்" என்றார். இவர் எங்கே கதைக்கப்போகிறார் என்று நான் கேக்கை வெட்ட ஆயத்தமானேன். மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். என்னுடைய பதினாறையும் இத்தாலிய மொழியில், ஒன்று விடாமல், நிறுத்தி நிறுத்தி ஒப்புவித்தார். நாற்பத்தொன்பது வந்த இடத்தில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்குக் கத்தி கையிலிருந்து விழுந்தது. அவர் எப்போது பாடமாக்கினார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

மன்னாரிலிருந்து அந்த மாதம்தான் வந்திருந்த என் மாமியார் முன் வரிசையில் இருந்தார். மகன் ஏதோ இத்தாலியச் செபம் சொல்கிறான் என்று நினைத்து, முடிந்ததும் பக்தியோடு சிலுவை போட்டு, "ஆமென்" என்றார். பின்னால் மண்டபமே "ஆமென்" என்றது.

இப்போது என் இலக்கம் எனக்கும் பாடம். இருந்தாலும் எந்தக் கந்தோரில் கேட்டாலும் முதலில் கார்டைப் பார்த்து, பிறகு தலையை நிமிர்த்தி, சத்தமாகத்தான் சொல்வேன். சொல்லி முடிக்கிற நேரத்தில் எனக்குப் பின்னால் நிற்கிற அனிதா கையைக் கூப்பி "ஆமென்" என்பாள்.