சித்தப்பாவின் பிக்கப்பில் பதினாலடிப் படகு

சித்தப்பாவைத் தேர்தலில் தோற்கடித்தது நான்தான். எதிர்த்து நின்று அல்ல. அந்த அளவுக்குத் திறமை இருந்திருந்தால் ஊரே என்னை மதித்திருக்கும். அவருடைய வண்டியில், அவருடைய டீசலில், அவருடைய படத்துக்கு மேலேயே உட்கார்ந்து தோற்கடித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்து நாலு வயது. கையில் விலங்கியல் பட்டம், மனசுக்குள் பெரிய தொழிலதிபர். மணிமுத்தாறு அணையில் படகு விட்டால் அருவிக்கு வருகிற கூட்டமெல்லாம் என்னிடம் வரிசையில் நிற்கும் என்று முடிவு கட்டியிருந்தேன். (அதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது படகு வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்தப் படகில் ஒரே ஆள்தான் உட்கார முடியும், நான் உட்கார்ந்தால் பயணிக்கு இடமில்லை என்பது அதற்கும் பிறகு.)

தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கிற கடையில் அது கிடைத்தது. கயாக் என்றார்கள். பதினாலடி நீளம், மஞ்சள் ஃபைபர், நடுவில் ஒரு ஆள் இடுப்பு வரை இறங்கி உட்கார ஒரு ஓட்டை. இருந்த பணமெல்லாம் அதற்கே போய்விட்டதால் லாரி பிடிக்க வழியில்லை. சித்தப்பாவிடம் அவருடைய பிக்கப் வண்டியைக் கேட்டேன். வாழைத்தார் ஏற்றுகிற வண்டி; பின்னால் சாமான் வைக்கிற இடம் ஆறடிதான்.

சித்தப்பா அப்போது ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றுகொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு முறை தோற்றவர். இந்த முறையும் போனால் சேரன்மாதேவிச் சந்தையில் தலைகாட்ட முடியாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தார். சின்னம் பூட்டு சாவி. வண்டியின் இரண்டு கதவிலும் அவர் கும்பிடுகிற படம். கூரைமேல் பலகையில் வெட்டி வெள்ளி வர்ணம் அடித்த பெரிய பூட்டு, பக்கத்தில் குழாய் ஸ்பீக்கர். கேசட் மட்டும் போன தேர்தலுடையது. சிக்கனக்காரரான சித்தப்பா, எந்தத் தேர்தலுக்கும் உதவட்டும் என்று அதில் சின்னத்தின் பெயரையே சொல்லவில்லை. ‘வண்டியின் மேலே பாருங்கள்! அதுதான் நமது சின்னம்!’ என்று மட்டும் முழங்கும்.

பிரசாரத்தின் கடைசி நாள் அவர் வீடு வீடாக நடந்து ஓட்டுக் கேட்பதாக ஏற்பாடு. வண்டி சும்மா நின்றது.

“கொண்டு போலே. நாலு மணிக்கு வண்டி இங்கன நிக்கணும். அஞ்சு மணியோட பிரசாரம் முடியுது, கடைசியா ஒரு சுத்து சுத்தணும்” என்றார்.

தூத்துக்குடியில் படகை வண்டியில் நீட்டி வைத்தோம். ஆறடி உள்ளே, எட்டடி வெளியே. கையை எடுத்ததும் வால் பொத்தென்று தரையில் உட்கார்ந்தது. டிரைவர் சுடலையண்ணன் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“தம்பி, மூக்கத் தூக்கிக் கூரை மேல சாத்துனாத்தான் நிக்கும். பூட்டுல்லா மறிக்கு?”

“கழத்தி அடியில முட்டுக் குடுங்கண்ணே” என்றேன். யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வயதில் எனக்கு எல்லாமே உடனே தோன்றும்.

நல்ல கயிறு வாங்கக் காசில்லை. வண்டியில் கிடந்த வாழைச் சருகை மெத்தையாகப் பரப்பி, வாழை நாரால் இறுக்கிக் கட்டினோம். வல்லநாடு தாண்டியதும் காற்றில் மூக்கு எழும்பிக் கூரையில் டமடமவென்று அடிக்க ஆரம்பித்தது. சுடலையண்ணன் ஓரம் கட்டினார்.

“பாரம் பத்தல. நீங்க அதுக்குள்ள ஏறி உக்காருங்க, பையப் போவோம்.”

ஏறி உட்கார்ந்தேன். துடுப்பை வேறு கையில் வைத்துக்கொண்டேன், வேறெங்கும் வைக்க இடமில்லை. பாளையங்கோட்டையில் சிரித்தார்கள். பத்தமடையில் பாய்க்கடை வாசலில் நின்றவர்கள் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். நாலு பேர் கையசைத்ததும் என் புத்தி வண்டியிலிருந்து குதித்து ஓடிவிட்டது.

எங்கள் ஊர் எல்லையில் வண்டி நின்றது. மணி நாலரை. சுடலையண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

“தம்பி, படகைச் சாக்குப் போட்டு மூடிருவமா? மரமில்லு தங்கபாண்டி இருக்காருல்லா, அவருக்கு...”

“எவனுக்கும் பயப்பட வேண்டாம்ணே!” என்றேன். தங்கபாண்டி, சித்தப்பாவை எதிர்த்து நிற்பவர். என் தொழிலைப் பார்த்துப் பொறாமைப்படுவார் என்று அண்ணன் கவலைப்படுவதாக நினைத்தேன். ஒரு மாதமாக ஊர்ச் சுவர்களில் நீல வர்ணத்தில் படகு வரைந்திருந்தது. யார் வரைந்தது, எதற்கு வரைந்தது என்று நான் கேட்கவே இல்லை. என் தொழிலுக்கு நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டிருந்தேன். (ஆமாம், பட்டதாரி.)

“எல்லாத் தெருவும் ஒரு சுத்து போவோம்ணே.”

சுடலையண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார். ஊருக்குள் வண்டி உருண்டால் கேசட் ஓட வேண்டும் என்பது சித்தப்பாவின் கண்டிப்பான உத்தரவு. சொன்னதைச் செய்கிற மனிதர், பொத்தானை அமுக்கினார்.

‘வண்டியின் மேலே பாருங்கள்! அதுதான் நமது சின்னம்!’

ஊர் மேலே பார்த்தது. கதவில் சித்தப்பா கும்பிட்டுக்கொண்டிருந்தார். மேலே படகில் நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் என் காதுக்குப் பக்கத்தில் அலறியதால் அது என்ன சொல்கிறது என்பதே என் மண்டையில் ஏறவில்லை. குழாயடியில் நின்ற ஓர் அக்கா கத்திக் கேட்டாள்.

“எய்யா, பூட்டை எங்க காணும்?”

“அது அடியில போயிட்டுக்கா! இனிமே படகுதான்!”

கீழத்தெரு, மேலத்தெரு, காலனி, ஆற்றங்கரைத் தெரு என்று ஒன்றையும் விடவில்லை. அம்மன் கோயில் முக்கில் சித்தப்பா எதிரே ஓடி வந்தார். துண்டு தோளில் இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை.

“எறங்குலே! எறங்குலே மூதி!”

அவரும் உற்சாகத்தில் கத்துகிறார் என்று நினைத்து, பெரியவர் என்ற மரியாதையில் குனிந்து கும்பிட்டேன்.

வண்டி நின்றது. சித்தப்பா அதன்மேல் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். “அது தங்கபாண்டி சின்னம்லே...” என்றார். அதற்குள் மணி ஐந்து. இனி யாரும் எதையும் பிரசாரம் செய்யக் கூடாது. அவர் அப்படியே கோயில் படிக்கட்டில் உட்கார்ந்தார். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

தங்கபாண்டி பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஊர்வலம் எங்கள் வீட்டு முன் நின்றது. இறங்கி வந்து எனக்கு ஒரு மாலை போட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கழுத்தை நீட்டினேன். சித்தப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். கல்யாணம், காது குத்து, சாவு என்று எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்பது வருஷம்.

அவருடைய அறுபதாம் கல்யாணத்துப் பந்தியில் யாரோ இந்தக் கதையை எடுத்துவிட்டார்கள். எல்லோரும் சிரிக்க, நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். சாம்பார் வாளியோடு நின்ற சித்தியும் சிரித்தார்.

“எல்லாரும் அவனையே சொல்லுதிய. நானும் படகுலதான குத்துனேன்.”

சித்தப்பா மெதுவாகக் கேட்டார்.

“நீயும் அன்னைக்கு வண்டியப் பாத்து ஏமாந்துட்டியா?”

“நான் எங்க பாத்தேன்? அன்னைக்கு நான் வாசலுக்கே வரலியே” என்றார் சித்தி. “நீங்க ஜெயிச்சா ஊர்ப் பஞ்சாயத்து பூரா நம்ம வீட்டு முத்தத்துல வந்து உக்காரும். அத்தன பேருக்கும் காப்பி ஆரு போடுதது? ஏந் தங்கச்சி, மயினி, எல்லாருட்டயும் சொல்லித்தான் வச்சேன்.”

சித்தப்பா ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, ஒனக்குப் பாயாசம் வந்துட்டா?”