நாற்பத்திரண்டாவது கையெழுத்து வேண்டி எர்மெலிண்டா அத்தைக்கு

மாநிலச் சட்டசபையின் மாண்புமிகு உறுப்பினரும் என் அப்பாவின் அக்காவுமான எர்மெலிண்டா அத்தை அவர்களுக்கு, லாலோ தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், அப்பா, இரண்டு ஆடுகள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீங்கள் போனை எடுக்காததால் காகிதத்தில் எழுதுகிறேன். தபால்தலையை எந்த மூலையில் ஒட்டுவது என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். சபையில் நீங்கள் பேசும் நேரலை ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. நீங்கள் தண்ணீர்க் குழாய் மசோதா பற்றிப் பேசிய பதினேழு நிமிடத்தை இணையத்தில் ஏற்றினேன், இருநூற்றுப் பன்னிரண்டு பார்வைகள். அதில் நூறு என்னுடையது. அப்படிப்பட்ட எனக்கே இந்த வாரம் நடந்ததை நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவர்னர் அவசர உத்தரவு போட்டார். பஸ் நிறுத்தத்தில் அந்தப் பள்ளிக்கூடப் பெண் சுடப்பட்டதால், நம் வட்டாரத்தில் முப்பது நாளைக்குப் பொது இடத்தில் யாரும் துப்பாக்கி ஏந்தக் கூடாது. சனிக்கிழமை காலை நம் தீயணைப்பு நிலையத்தில் வருடாந்திரக் குலுக்கல். பரிசு, வழக்கம்போல ஒரு வேட்டைத் துப்பாக்கி. விழுந்தது எழுபத்தெட்டு வயது செலெடோனியோ மாமாவுக்கு. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவரை வாசலில் போலீஸ் ஒர்லாண்டோ மறித்தார்.

"மாமா, துப்பாக்கி உங்களது. அதுல சந்தேகமே இல்ல. ஆனா இந்தப் படி தாண்டினா ரோடு."

"என் ட்ரக் பத்தடியிலதான்ப்பா நிக்குது."

"அந்தப் பத்தடிக்குத்தான் மாமா உத்தரவு."

"அப்ப முப்பது நாளும் இங்கயே உக்காந்துக்கிறேன். மதியத்துக்குப் புரிட்டோ உண்டா?"

உண்டு. பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டியது. மடக்கு நாற்காலியில் மடியில் துப்பாக்கியோடு தீயணைப்பு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். நடுவில் எங்கோ புல் பற்றிக்கொண்டு வண்டி கிளம்ப வேண்டிவந்தது, எழுந்திருக்க மாட்டேன் என்றார், நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஓரம் வைத்தோம், ஹெல்மெட் அடுக்கில் அவர் கால் பட்டு அத்தனையும் உருண்டது, அதைப் பொறுக்குவதற்குள் புல் தானாகவே அணைந்துவிட்டது. நான் எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டேன், நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் ஞாயிறன்று எதிர்க்கட்சி உறுப்பினர் ஸ்ட்ரவுட் ஐயா, கவர்னரைப் பதவிநீக்கச் சபையின் அவசரக் கூட்டம் கேட்கும் மனுவோடு வந்து இறங்கினார்.

வண்டியின் படியில் ஏறி நின்றார். "ஒரே ஒரு ஆள் பேனாவால நம்ம உரிமையைப் பறிக்க முடியும்னா, அதுக்குப் பேர் சட்டமா, சொல்லுங்க."

எல்லோரும் கை தட்டினோம். அப்போது பள்ளிப் பஸ் ஓட்டும் ரமோனா அக்கா எழுந்தார். "அந்தப் பொண்ணு என் பஸ்ல ஏற வேண்டியவ. கதவைத் திறந்து வெச்சிட்டுக் காத்துக்கிட்டிருந்தேன். நீங்க பேசுங்கய்யா. கொஞ்சம் கீழ இறங்கிப் பேசுங்க."

ஸ்ட்ரவுட் ஐயா இறங்கினார். எனக்கு ரெண்டு பேரும் சொல்வது சரி என்றே பட்டது, அத்தை. அப்படி எனக்கு இதற்கு முன் பட்டதே இல்லை.

திங்களன்று ரமோனா அக்காதான் கேட்டார்: "ஒர்லாண்டோ, போலீஸ் ஏந்தலாம்ல? நீயே அதை ட்ரக்ல வெச்சுப் பூட்டிரேன்."

"யாரும் கேக்கலையேக்கா."

செலெடோனியோ மாமா கோபித்துக்கொண்டார். "முதல் நாளே சொல்லியிருந்தா நான் எதுக்கு இடுப்பு நோக உக்காந்திருப்பேன்?"

அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மனு போகவில்லை. எழுபது பேர் சபையில் நாற்பத்திரண்டு உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும், நாற்பத்தொன்று ஆகிவிட்டது என்று ஸ்ட்ரவுட் ஐயா டிவியில் கண் கலங்கிச் சொன்னார். மிச்சம் நீங்கள்தானாம். கவர்னர் உங்கள் கட்சியில் நின்று ஜெயித்தவர். போட்டால் கட்சி உங்களைச் சும்மா விடாது, போடாவிட்டால் ஊர் விடாது. அந்தப் பெண்ணின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றதைப் பார்த்தேன். ஜனவரியில் அரசியல் சாசனத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்ததையும் பார்த்தேன். ரெண்டும் ஒரே கை. போன மாதம் எனக்கு பீன்ஸ் பரிமாறியதும் அதுதான். ஒரு மாநிலத்தின் கவர்னரை வீட்டுக்கு அனுப்பும் கையிலிருந்து நான் ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். போடுங்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது, எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள் என்று மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் ஆயுளும் முழங்காலும் நீடிக்க ஆண்டவரை வேண்டும்,
தங்கள் முதல் ரசிகன்,
லாலோ தஃபோயா

பி.கு: உறையை ஒட்டுமுன் ஸ்ட்ரவுட் ஐயா அந்த மனுவைப் படமெடுத்துப் போட்டிருந்தார், பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பத்திரண்டு வரைக்கும் சபை உறுப்பினர்கள். முப்பத்து மூணு செலெடோனியோ மாமா. தொகுதி என்ற இடத்தில் "மடக்கு நாற்காலி" என்று எழுதியிருக்கிறார். அடுத்த ஏழு பேர் புரிட்டோவுக்கு வரிசையில் நின்றவங்க. நாற்பத்தொண்ணு நான். ஞாயித்துக்கிழமை மனு வெச்ச அட்டை கைக்குக் கை வந்துச்சு, போட்டேன். இணையத்துல அறுநூறு மனுவில போட்டிருக்கேன், நீ யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. ஆக, அத்தை, நீங்க போட்டாலும் கவர்னர் இருப்பார், போடாட்டியும் இருப்பார். தாராளமா போனை எடுக்கலாம். எடுத்ததும் ஸ்ட்ரவுட் ஐயாகிட்ட விஷயத்தை நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. என் பேரைச் சொல்ல வேணாம், அதுல தெளிவாவே எழுதியிருக்கேன்.