ராணியின் தலை

பெட்டியிலிருந்து எடுத்த, புகைப்படம் பதிந்த கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்குள் கைநழுவவிட்டார் ஹோரஸ் பிங்காட். தட்டு மேஜை விளிம்பில் மோதியது. ராணியின் அங்கி, செங்கோல் எல்லாம் பத்திரம். தலை மட்டும் பொடிப்பொடி.

லண்டன் கடைகளில் எல்லாம் விற்பனைக்குத் தொங்கப்போகிற தலை அது. ராணி வேடத்தில் ஓபரா பாடகி மேடம் வால்டெனியின் தலை!

"பிங்காட்! மேடம் மதியம் வர்றாங்க. படம் ரெடிதானே?" மாடியிலிருந்து முதலாளி ட்ரெஸ்கோ கத்தினார்.

"கடைசியா மெருகு போட்டுட்டு இருக்கேன், ஐயா!"

"அவங்களுக்குப் பிடிக்கலைன்னா நீ மூட்டையைக் கட்டிக்கலாம்."

பிங்காட் கண்ணாடிச் சில்லுகளை மேஜைக்கடியில் தள்ளினார். ஏற்கெனவே இரண்டு ஸ்டுடியோக்களில் தட்டை உடைத்துப் பேர் வாங்கியவர். இங்கேயும் துரத்தினால் மாமனாரின் மீன்கடைதான் கதி. மீன் நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மாமனாரின் வாயை முடியாது.

அலமாரியைக் குடைந்தார். போன வருடம் மேடம் ஆட்டிடைச்சி வேடத்தில் எடுத்துக்கொண்ட படத்தின் தட்டு கிடைத்தது. பிரதி போட்டு, தலையைக் கத்தரித்து, ராணியின் உடம்பில் ஒட்டினார்.

உடம்பு வலப்பக்கம் போகிறது, தலை இடப்பக்கம் போகிறது. யாரோ கடன்காரன் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தாள் ராணி.

அந்தப் பழைய தட்டைத் திருப்பிப் போட்டு வேறு பிரதி எடுத்தார். இப்போது மேடத்தின் மச்சம் கன்னம் மாறிவிட்டது. மச்சத்தைச் சுரண்டினார். கன்னத்தில் ஓட்டை விழுந்தது. சாயத்தால் அடைத்தார். கன்னம் வீங்கிவிட்டது. ஆட்டிடைச்சியின் வைக்கோல் தொப்பி வேறு அப்படியே இருந்தது. அதன் மேல் கிரீடம் வரைந்தார். கழுத்தில் ஒட்டு தெரிந்ததால் முத்துமாலை வரைந்தார், அப்போதும் தெரிந்தது, இன்னொரு மாலை, அதன் மேல் இன்னொன்று. கடைசியில் ராணிக்குக் கழுத்துச் சுளுக்குக் கட்டுப் போட்டது போலிருந்தது.

வாசல் மணி அடித்தது.

முதலாளி படத்தைப் பார்த்தார். "என்னய்யா இது? அன்னைக்கு இவ்வளவு மாலை போட்டிருந்தாங்களா?"

"கவனிச்சிருக்க மாட்டீங்க, ஐயா."

"அதுவும் சரிதான். கேமராவோட கறுப்புத் துணிக்குள்ள எல்லாமே எனக்குத் தலைகீழாத்தானே தெரியுது."

மேடம் வால்டெனி அசைந்து அசைந்து உள்ளே வந்தாள். பின்னால், அவளுக்கு வேடம் கட்டிவிடும் ஹெஸ்டர். மேடம் படத்தைக் கையில் வாங்கினாள். கண்ணருகே கொண்டுபோனாள். பிங்காட்டின் மூக்கில் இப்போதே மீன் வாடை அடித்தது.

"அடடா! என்னை அப்படியே உரிச்சு வெச்சிருக்கீங்களே! அந்த இடுப்பைப் பாருங்க, எவ்வளவு சிக்குன்னு இருக்கு!"

இடுப்பில் பிங்காட் கையே வைக்கவில்லை. இருந்தாலும் பணிவாகத் தலை குனிந்தார்.

"பாத்தியா ஹெஸ்டர், நான் சொன்னேன்ல?" என்றபடி மேடம் முதலாளியுடன் மாடி ஏறினாள்.

பிங்காட் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். பிழைத்தாயிற்று!

ஹெஸ்டர் மட்டும் போகாமல் நின்றாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பெரிய கைகாரர்தான், ஐயா."

"ஏம்மா, என்ன ஆச்சு?" பிங்காட் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அசையாம நிக்கக் கழுத்துக்குப் பின்னால இரும்பு இடுக்கி மாட்டுவீங்கல்ல, அதுல மேடத்தோட குரல் கெட்டுடுமாம். 'மூஞ்சியை எப்படியும் ஸ்டுடியோக்காரங்களே மாத்திப்பாங்க, நீ போய் நில்லுடி'ன்னு என்னை அனுப்பிட்டாங்க, அன்னைக்கு ராணி வேஷத்துல வந்து நின்னது நான்தான்!"