ஆகாயத்தாமரை வேட்பாளர்

காலை ஏழு மணிக்குள் மூன்று கார்கள் நின்று, லீலண்ட் டார்ப்லியின் வீட்டு முன்னால் நட்டிருந்த தேர்தல் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போயின. லீலண்ட் காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று மூன்று கார்களுக்கும் கையாட்டினார்.

"கோரின், நம்ம பலகை எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"பிடிச்சுத்தான் போச்சு. பேப்பர்ல வந்திருக்கு, வந்து பாரு" என்றாள் மனைவி.

முதல் பக்கத்தில் அவர் பலகை இருந்தது. 'நம்ம ஓடையை மீட்போம்!' அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி: 'யாரிடமிருந்து?'

அமெரிக்காவின் தெற்கு ஜார்ஜியாவில், மரங்களிலிருந்து பாசி தாடி தாடியாகத் தொங்கும் அந்தச் சின்ன ஊரை ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குக் கரையில் கறுப்பினக் குடும்பங்கள். மேற்குக் கரையில் வெள்ளைக்காரக் குடும்பங்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. இப்போது கிடையாது. மழைக்காலத்தில் ஓடை வழிந்தால் இரு கரைக்கும் தண்ணீர் வரும். கிழக்கே கொஞ்சம் முன்னதாக வரும்.

லீலண்ட் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விடிகிற நேரத்தில் தினம் அவருக்கு ஒரே கனவு: துடுப்பே போடாமல் படகு நகர்கிறது, ஓடை முழுக்கக் கண்ணாடி மாதிரி தெளிந்த நீர், அதில் வானம் தலைகீழாகக் கிடக்கிறது. விழித்துப் பார்த்தால் ஓடையை மூடிக்கொண்டு ஆகாயத்தாமரை. அந்தச் செடியை ஒழிக்கத்தான் வடிகால் வாரியத் தலைவர் பதவிக்கு நின்றார்.

"செடிகிட்டேருந்து மீட்கறதுன்னு பலகையிலேயே எழுதியிருக்கலாமே" என்றாள் கோரின்.

"இடம் பத்தல. விடு, ரேடியோவுல கூப்பிட்டிருக்காங்க. ஒரே நிமிஷத்துல தெளிவு பண்ணிடறேன்."

அன்று முற்பகல் ஊர் வானொலி நிலையத்துக்குப் போனார். சின்ன அறை, மெத்தை வைத்த சுவர்கள், எந்தச் சத்தமும் இல்லை. காதில் ஹெட்போனை மாட்டியதும் அவருக்குப் படகில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. கண்கள் பாதி மூடிக்கொண்டன.

"உங்களுக்கு எது பிரச்சினைன்னு நேயர்களுக்குச் சொல்லுங்க" என்றார் நிகழ்ச்சி நடத்துபவர்.

"அதுங்க இந்த மண்ணைச் சேர்ந்ததே இல்லைங்க" என்றார் லீலண்ட் மெல்லிய, இனிய குரலில். "எங்கேயோ இருந்து வந்துச்சு. ஒண்ணு வந்தா போதும், மாசம் திரும்பறதுக்குள்ள நூறாப் பெருகிடும். பார்க்க அழகாத்தான் இருக்கும், ஏமாந்துடக் கூடாது. வேரோட பிடுங்கணும். பிடுங்கி வெயில்ல போடணும்."

நடத்துபவர் உடனே ஒரு பாட்டைப் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது கோரின் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"முழுப் பேட்டியில ஆகாயத்தாமரைங்கற வார்த்தை ஒரு தடவையாவது வந்துச்சா?"

லீலண்ட் யோசித்தார். "வரலையா?"

தொலைபேசி அடித்தது. எதிர்த்துப் போட்டியிடும் வெர்னெல் காட்ஸ்டன். கிழக்குக் கரையில் சவ அடக்க நிலையம் நடத்தும் பெண்மணி. பெருவெள்ளம் வந்த வருடம் லீலண்டும் வெர்னெலும் ஒரே படகில் இரண்டு நாள் சுற்றிக் கூரைகளிலிருந்து ஆட்களை இறக்கியவர்கள்.

"லீலண்ட், உன் பேச்சைக் கேட்டோம். எங்க சர்ச்சுல பாதிப் பேர் அழறாங்க. மீதிப் பேர் செருப்பைத் தேடறாங்க."

"வெர்னெல், நான் செடியைச் சொன்னேன்! உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஆனா நான் உன்னை எதிர்த்து நிக்கறவ. தெரியும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிய எனக்கென்ன பைத்தியமா? எங்க ஜனங்க இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது தழும்பேறிப் போனவங்க. நீயே வந்து அவங்ககிட்டச் சொல்லு."

"வர்றேன். படம் போட்டே காட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச்சுக்கு ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அளவையாளர் அல்லவா, அளவு பிசகாமல் வரைந்திருந்தார். தண்ணீர் நீலம். செடி மண்டிய இடத்துக்குப் பச்சை மை தீர்ந்துபோனதால் கறுப்பு.

வரைபடத்தை விரித்தார். மேலே மின்விசிறிகள் தூக்கத்தில் சுற்றுவது போலச் சுற்றின. நூறு பேர் காகித விசிறிகளை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதோ, கறுப்பா இருக்கு பாருங்க," என்றார் ஆர்வத்தோடு. "இது அத்தனையும் ஒரே வருஷத்துல காலி பண்ணிடுவேன்!"

நூறு விசிறிகளும் நின்றன.

முன்வரிசையில் இறால் நிறத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் எழுந்தார். "நாங்க எங்கேப்பா போறது?"

வெர்னெல் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று லீலண்டுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பலகையை மாற்றினார். 'சுத்தமான ஓடை! அமைதியான கரை!' இதில் யார் குற்றம் காண முடியும்? பேப்பரில் ஒரு பேராசிரியர் இரண்டு பக்கம் எழுதினார். 'சுத்தம்' என்றால் யார் அசுத்தம், 'அமைதி' என்றால் யாருடைய சத்தம் என்று, கடந்த அறுபது வருடத் தேர்தல்களில் அந்தச் சொற்கள் எப்படி எப்படியெல்லாம் பயன்பட்டன என்று பட்டியலே போட்டிருந்தார். லீலண்ட் முழுவதும் படித்தார். படித்து முடித்ததும் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஒவ்வொரு வாரமும் பேப்பர் நிருபர் வந்தார். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி. "உள்ளர்த்தம் ஏதாவது உண்டா, மிஸ்டர் டார்ப்லி?"

"இல்லவே இல்ல. நான் சொன்னது செடியைத்தான்."

கடைசியில் அச்சகத்துக்கே நேரில் போனார். "வார்த்தையே வேண்டாம்ப்பா. எதை எழுதினாலும் வம்பு. ஒண்ணுமே போடாதே."

அச்சகத்துக்காரர் சொன்னதைச் செய்பவர். நூறு பலகைகளில் ஒன்றுமே போடாமல் கொண்டுவந்து இறக்கினார்.

"என் பேரையாவது போடக் கூடாதா?"

"ஒண்ணுமே போடாதேன்னீங்களே!"

பக்கத்து வீட்டு ஹோலிஸ் புரூட்டன் வேலியோரம் வந்து நின்றார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர், ஈக்குக்கூட வழிவிடுகிற மனிதர். "எனக்கு ஒண்ணு குடுங்க, லீலண்ட். எங்க தெருவுல இன்னும் நாலஞ்சு பேர் கேட்டாங்க. வெறுமையா விட்டீங்க பாருங்க, அதுதான் அழகு."

மறுநாள் பனிமூட்டத்தில் மேற்குக் கரை முழுக்க வெள்ளைப் பலகைகள், புல்மேல் இறங்கிய கொக்குகள் மாதிரி மிதந்தன. லீலண்டே மெய்மறந்துபோனார். அப்புறம் பேப்பர் வந்தது. அதே படம். கீழே ஒரே வரி: 'வெள்ளை மட்டும்.'

கோரின் தலையில் கைவைத்துக்கொண்டாள். "வாபஸ் வாங்கிடு, லீலண்ட். அஞ்சு வாரமா நீ வாயைத் திறக்கத் திறக்க மோசமாகுது. இப்ப வாயை மூடினாலும் மோசமாகுது."

"தோத்துப்போறேன். வெர்னெலே ஜெயிக்கட்டும். ஓடை சுத்தமானா சரி" என்றார். "அய்யோ, மறுபடியும் சுத்தம்னுட்டேன்."

தேர்தலன்று அவர் ஓட்டுப் போட்டுவிட்டு நேராகப் படகுக்குப் போய்விட்டார். செடிகளுக்கு நடுவே, நகர முடியாத படகில், சாய்ந்து தூங்கினார். கோரின் கரையிலிருந்து கத்தித்தான் எழுப்பினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு ஓட்டு. வெர்னெலுக்கு எண்ணூற்றுப் பதினொன்று.

"நானா?"

"நீதான்!"

லீலண்டின் கண்கள் நிறைந்துவிட்டன. "நம்பிட்டாங்க கோரின். அத்தனை பேரும் என்னை நம்பிட்டாங்க. செடியைத்தான் சொன்னேன்னு புரிஞ்சுக்கிட்டாங்க!"

ஓட்டு எண்ணிய நீதிமன்றப் படிக்கட்டில் வெர்னெல் வந்து கைகொடுத்தார். சிரிக்கவில்லை. "எங்க கரைப் பக்கம் எப்ப வருவே?"

"நாளைக்கே! உங்க பக்கத்துலேருந்துதான் ஆரம்பிக்கறேன்."

அவர் லீலண்டை வெகுநேரம் பார்த்தார். "நீ செடியைத்தான் சொல்றே, லீலண்ட். அது எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை லீலண்ட் படகில் வெட்டுக்கத்தியும் கயிறும் ஏற்றிக்கொண்டிருந்தார். காற்று இதமாக இருந்தது. உலகமே தன்னைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் நாள் என்று அவருக்குத் தோன்றியது. ஹோலிஸ் புரூட்டன் சுடச்சுடப் பீச் பழப் பணியாரத் தட்டோடு படித்துறைக்கு இறங்கி வந்தார். தட்டைக் கையில் கொடுத்தார், தோளைத் தட்டினார், சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சு வாரம் துருவித் துருவிக் கேட்டும் செடி, செடின்னே சாதிச்சீங்களே, எங்க தெருவே அசந்துபோச்சு. சரி, ஓட்டு எண்ணியாச்சு, இங்க நாம ரெண்டு பேர்தான். இப்பவாவது சொல்லுங்க லீலண்ட், அந்தக் கரை ஆளுங்களை எப்பக் கிளப்பறோம்?"